மசியாண்டியும் மூடுற வட்டமும்

ஒரு ஊர்ல ஒரு வெள்ளைத் துணி இருந்துச்சாம்.

“துணியா?”

ஏன், ராஜா ராணி இருந்தாத்தான் கதை கேப்பியோ? துணிதான். நாலஞ்சு போர்வையைச் சேர்த்துத் தைச்ச மாதிரி பெரிய துணி. அந்தத் துணிக்குள்ள ஒரு ஆட்டுக்குட்டி இருந்துச்சு. கன்னங்கரேல்னு இருக்கும். ஏன்னா அதுக்கு எலும்பும் இல்ல, சதையும் இல்ல, உடம்பு முழுக்க மை. யாரோ ஒரு புண்ணியவான் மையைத் தொட்டுத் தொட்டு வரைஞ்ச குட்டி. பேரு மசியாண்டி.

“ஆடு கடைசில செத்துடுமா அத்தை?”

சாகாதுடி தேனு. இப்பவே சொல்லிட்டேன், கேட்டுக்கோ. நடுவுல பசை வரும், நாக்கு வரும், மழை வரும். அப்பல்லாம் என் கையைப் பிடிச்சுக்கோ. கடைசில ஆடு வீடு வந்து சேர்ந்துடும். உங்கம்மாவும் வந்துடுவா. பஸ் ஏறிட்டேன்னு போன் பண்ணினாளா இல்லையா? அவ வர்ற வரைக்கும் கண்ணை மூட மாட்டேன்னு அடம் பிடிக்கிறே, சரி, மூடாதே. முட்டை முட்டையா முழிச்சுக்கிட்டே கேளு. ஆனா ‘ம்’ கொட்டணும். கொட்டாத பிள்ளைக்கு நான் கதை சொல்ல மாட்டேன்.

“ம்.”

அது படமெல்லாம் வாயே திறக்காத காலம். ஆளுங்க ஓடுவாங்க, அடிச்சுக்குவாங்க, அழுவாங்க, ஒரு சத்தம் வராது. சந்தைத் திடல்ல ஒரு டெண்ட் கொட்டகை. அதுல பெரிய படத்துக்கு முன்னாடி சின்னதா ஒரு பொம்மைப் படம் போடுவாங்க. பெரியவங்க பெரிய படம் பார்க்க வருவாங்க. பிள்ளைங்க மசியாண்டியைப் பார்க்க வரும்.

மொதல்ல துணி முழுக்க இருட்டா இருக்கும். அப்புறம் நடுவுல ஒரு புள்ளி. புள்ளி பெருசாகி வட்டமாகும். வட்டம் பெருசாகிப் பெருசாகி வெளிச்சம் வரும். பார்த்தா நட்டநடுவுல நம்ம மசியாண்டி நின்னுக்கிட்டு இருப்பான். உடனே பிள்ளைங்க எல்லாம் ‘ஓ’ன்னு கத்தும்.

அவன் பண்ற சேட்டை இருக்கே, உன்னையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுடும். ரோட்டோரமா ஒரு போலீஸ்காரர் தூங்குவார், அவர் மீசையில பாதியை மேஞ்சுடுவான். அவர் முழிச்சுத் துரத்துவாரா, இவன் ஓடுவான், டக்கு டக்கு டக்கு டக்கு. ஓடிக்கிட்டே ரோட்டைப் பாய் மாதிரி சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்குவான். ரோடு இல்லாம போலீஸ்காரர் அந்தரத்துல நிப்பார். நின்னா விழ மாட்டார். குனிஞ்சு பார்த்தாத்தான் விழுவார், தொபுக்கடீர்னு. அப்புறம் நம்மாளு ஒரே எட்டு எட்டி நிலாவைப் பறிச்சு, அப்பளம் மாதிரி மொறுக் மொறுக்னு தின்னுடுவான். ஊரே இருட்டாயிடும். ஆனா இவன் வயிறு மட்டும் உள்ள விளக்கு வெச்ச மாதிரி பளபளன்னு மின்னும். எங்க ஒளிஞ்சாலும் மாட்டிக்குவான்.

“ஹி ஹி.”

சிரிச்சா போதாது, ‘ம்’ சொல்லு.

“ம்.”

இவ்வளவு ஆட்டத்துக்கும் வெளிய ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தர் இருளப்பன். ஃபிலிம் மெஷினைக் கையால சுத்துறவர். கர் கர் கர்னு அவர் வேகமாச் சுத்துனா மசியாண்டி வேகமா ஓடுவான். வெத்தலை போட்டுக்கிட்டே மெதுவாச் சுத்துனா இவனும் சம்பந்தி வீட்டுக்குப் போற மாதிரி அசைஞ்சு அசைஞ்சு போவான். ஆனா என்ன ஆனாலும் சுத்துறதை நிறுத்த மட்டும் கூடாது. நிறுத்துனா விளக்குச் சூட்டுல ஃபிலிம் பத்திக்கிட்டு எரிஞ்சு போயிடும்.

இன்னொருத்தி தைலம்மை. துணிக்குப் பின்னாடி ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பா. ரெண்டு கொட்டாங்குச்சி, ஒரு தகரம், ஒரு சலங்கை, அவ்வளவுதான் அவ சொத்து. துணிக்கு அந்தப் பக்கம் தெரியிற படம் இந்தப் பக்கமும் தெரியும் இல்லையா, அதைப் பார்த்துக்கிட்டே சத்தம் கொடுப்பா. ஆடு ஓடுனா கொட்டாங்குச்சி. போலீஸ்காரர் விழுந்தா தகரம், டமார்! மசியாண்டி வாயைத் திறந்தா போதும், தைலம்மை ஒரு ‘மேஏஏஏ’ கொடுப்பா பாரு, நிஜ ஆடு கூட அப்படிக் கத்தாது. தெருவுல போற தாய் ஆடெல்லாம் நம்ம குட்டியோன்னு நின்னு பார்க்கும்.

மசியாண்டி என்ன நினைச்சுக்கிட்டான்? அது தன் குரல்னே நினைச்சுக்கிட்டான். நான் வாயைத் திறக்கிறேன், ‘மே’ன்னு வருது, அப்போ அது என் குரல்தானேன்னு. தைலம்மைனு ஒருத்தி இருக்கிறதே அவனுக்குத் தெரியாது. தலைக்கனம் வேற! “எனக்கு என்ன குரல், என்ன குரல்!”னு தனக்குத்தானே சொல்லிக்குவான்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒண்ணே ஒண்ணுதான் அவனுக்கு ஆகாது. அந்த வட்டம். ஆட்டம் உச்சத்துல இருக்கும், நிலாவைத் தின்னு ஏப்பம் விட்டுக்கிட்டு இருப்பான், அப்போ பார்த்து நாலு ஓரத்துலேருந்தும் இருட்டு வரும். வட்டம் சின்னதாகும், இன்னும் சின்னதாகும். கடைசில அவன் மூஞ்சி மட்டும் தெரியும். ஒரு கண்ணை அடிப்பான். டப்! முடிஞ்சுது. அந்த வட்டத்தைப் பார்த்தா அவனுக்கு அப்படி ஒரு பயம், அப்படி ஒரு கோவம். “இது வாயி. என்னை முழுங்குற வாயி. நான் உள்ள போனப்புறம் வெளிய எல்லாரும் ஜாலியா இருப்பாங்க, நான் மட்டும் இருட்டுல கிடக்கணுமா?”

யாரோ ஒருத்தி இதையேதான் சாயங்காலத்துலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கா. பேர் சொல்ல மாட்டேன்.

“நான் ஒண்ணும் ஆடு இல்ல.”

நான் எங்கடி உன்னைச் சொன்னேன்? கேளு. துணியோட கீழ் ஓரத்துல ஒரு கிழிசல். அதுக்கு ஒரு ஒட்டுப் போட்டுத் தைச்சிருந்தாங்க. ஒட்டுலேருந்து ஒரு நூல் லேசாத் தொங்கும். ஒரு நாள் வட்டம் மூட வந்தப்போ மசியாண்டி கண்ணை அடிக்கல. குனிஞ்சான். நூலைப் பல்லால கவ்வினான். ஒரு இழு! பர்ர்னு பிரிஞ்சுது. ஒட்டுக்கும் துணிக்கும் நடுவுல புகுந்து, சொய்ங்னு வெளிய வந்து மணல்ல விழுந்தான். வட்டம் ஆள் இல்லாத இடத்துல மூடிச்சு, டப். இதுவும் ஒரு வேடிக்கைன்னு நினைச்சு ஜனங்க சிரிச்சாங்க.

ஜெயிச்சுட்டேன்னு கத்தலாம்னு மசியாண்டி வாயைத் திறந்தான்.

சத்தம் வரல.

இன்னும் பெருசாத் திறந்தான். தொண்டை தெரியத் திறந்தான். ஒண்ணும் இல்ல. காத்து கூட வரல. பாவம்டி, அப்போ அவன் முகம் போன போக்கைப் பார்க்கணும். என் குரல் எங்க? திரும்பி ஒட்டுக்கிட்ட ஓடினான். அதுக்குள்ள விளக்கு அணைஞ்சு துணி வெறும் துணியாயிடுச்சு. முட்டினா அந்தப் பக்கம் வேப்பமரம்தான் தெரியுது. விளக்கு எரிஞ்சு அவனோட பொம்மைப் படம் ஓடும்போதுதான் உள்ள போக முடியும். பெஞ்சுக்கு அடியில சுருண்டு படுத்துக்கிட்டான். நாளைக்குச் சாயங்காலம் படம் போடுவாங்க, அதுவரைக்கும் பத்திரமா இருந்துடலாம்னு நினைச்சான்.

பத்திரமாவா? மை ஆட்டுக்கா? இந்த ஊர்லயா?

“ம்...”

விடிஞ்சுது. சூசைன்னு ஒருத்தர், கொட்டகைக்கு போஸ்டர் ஒட்டுறவர். ஒரு கையில பசை வாளி, ஒரு கையில பிரஷ், வாயில பீடி. பெஞ்சுக்கு அடியில தட்டையா, கருப்பா, ஆடு மாதிரி ஒண்ணு கிடக்கிறதைப் பார்த்தார். “அட, நேத்து ஒட்டாம விட்டுட்டேன் போல. முதலாளி பார்த்தா ஏசுவாரே!” எடுத்தார். மசியாண்டி உதறினான், காத்துல காகிதம் படபடக்கிற மாதிரிதான் இருந்துச்சு. கத்தினான், கேட்கல. சந்தைச் சுவத்துல கொண்டுபோய் வெச்சு, முதுகுல பசையை அள்ளி சதக் சதக் சதக்னு பூசி, பப்பரப்பான்னு கையையும் காலையும் விரிச்சு ஒட்டிட்டுப் போயிட்டார். ரோட்டையே சுருட்டினவன் பொழுது சாயுற வரைக்கும் சுவத்துல ஒட்டிக்கிட்டு அசைய முடியாம நிக்கிறான்!

அப்புறம் என்ன வந்துச்சு, சொல்லு பார்ப்போம். நம்ம ஊர்ல போஸ்டர் ஒட்டுனா அடுத்து என்ன வரும்?

“மாடு?”

கிட்டத்தட்ட. ஆடு! நிஜ ஆடு. வெள்ளாடு. இத்தனை நீளத் தாடி. பசைன்னா மைதாமாவு, மைதாமாவுன்னா அதுக்கு அல்வா. மூலையிலேருந்து ஆரம்பிச்சுது. சரக், சரக், நாக்கால நக்கும். பர்ர்ர், கிழிக்கும். மொசுக் மொசுக், மெல்லும். ஒரு ராஜா போஸ்டர் போச்சு. ஒரு பல்பொடி விளம்பரம் போச்சு. அடுத்தது மசியாண்டி.

எத்தனை பேர் மீசையைத் தின்னிருப்பான், எத்தனை நிலாவைத் தின்னிருப்பான். இன்னைக்கு இவன் முறை. நாக்கு வருது. சொரசொரன்னு, சூடா. அவனுக்கு உடம்பு கூசுது, பயத்துல மையே வெளுக்குது. காது நுனியில, நறுக்! ஒரு கடி.

கையைக் கொடு. பிடிச்சுக்கோ. இப்போதான் நல்லது நடக்கப் போகுது.

ஆட்டுக்கு மை கசந்துடுச்சு! தூ தூன்னு தலையை உதறுச்சு. ஆனா பசையை விட மனசு வருமா? அது பாட்டுக்கு அவன் முதுகுப் பக்கம் நாக்கை விட்டு நக்கு நக்குன்னு நக்கிச்சு. பசையெல்லாம் போயிடுச்சு. மசியாண்டி சுவத்துலேருந்து பொத்துன்னு விழுந்தான். அப்பாடா! காது நுனி போச்சு, ஆளு பிழைச்சான். ஒரு பெரிய கும்பிடு போட்டான் வெள்ளாட்டுக்கு. அது கண்டுக்கவே இல்ல, அடுத்த போஸ்டருக்குப் போயிடுச்சு.

“ம்.”

தப்பிச்சோம்னு நினைக்கிறதுக்குள்ள மேல பார்த்தா மேகம். கருகருன்னு. மை உடம்புக்கு மழை எப்படி? ஒரு சொட்டு பட்டா ஒரு கால் கரைஞ்சு ஓடிடும். எங்கயாவது ஒதுங்கணும்னு ஓடினான். டீக்கடை வாசல்ல ஒரு குடை சாத்தி வெச்சிருந்துச்சு. கருப்புக் குடை. “அட, இதுவும் என்னை மாதிரியே கருப்பு! இதுல ஒட்டிக்கிட்டா யாருக்கும் தெரியாது”ன்னு போய் மேல ஒட்டிக்கிட்டான். துணியிலேயே வளர்ந்த பிள்ளைக்கு என்னடி தெரியும், குடை எதுக்குன்னு!

மழை வந்துச்சு. சடசடசடன்னு. குடைக்காரர் எழுந்தார், குடையை விரிச்சார். படார்! அத்தனை மழையும் மசியாண்டி முதுகுல! மை கரையுது. சொட்... சொட்... சொட்னு கம்பி வழியா கருப்பாச் சொட்டுது. வால் மங்குது. பின்னங்கால் மங்குது. நகர்ந்து நகர்ந்து, விளிம்பைக் கடந்து, குடைக்கு அடியில பூந்து கம்பியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். அப்பாடான்னு மூச்சு விட்டுட்டுக் கீழ பார்த்தா, குடையைப் பிடிச்சிருக்கிற கை யாரோடது? வெத்தலைக் கறை, மெஷின் எண்ணெய், காய்ச்சுப் போன உள்ளங்கை. இருளப்பன்! மெஷின் சுத்தக் கொட்டகைக்குப் போறார்!

“அப்போ வீட்டுக்குப் போயிட்டானா?”

வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டான். மழை விட்டுச்சு, ஜனம் வந்துச்சு. இருளப்பன் குடையை மடக்கி மெஷினுக்குப் பக்கத்துல மாட்டினார். உள்ள ஈரமா, மங்கலா, ஒன்றரைக் காதோட மசியாண்டி. கர் கர் கர்னு மெஷின் சுத்துச்சு. துணியில புள்ளி வந்துச்சு, வட்டம் திறந்துச்சு.

வட்டத்துக்கு நட்டநடுவுல ஒருத்தரும் இல்ல.

வெறும் ரோடு. போலீஸ்காரர் முழு மீசையோட தூங்கிக்கிட்டே இருக்கார். நிலா அப்படியே தொங்குது. பிள்ளைங்க பார்த்துச்சு, பார்த்துச்சு, “ஆடு எங்க?”ன்னு ஒண்ணு கேட்டுச்சு. “என் ஆடு எங்க?”ன்னு இன்னொண்ணு அழுதுச்சு. தைலம்மை கொட்டாங்குச்சியை மடியில வெச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்கா. யாருக்குன்னு சத்தம் கொடுப்பா?

அப்போதான் மசியாண்டிக்குப் புரிஞ்சுது. வட்டம் மூடும்போது யார் உள்ள இருக்காங்களோ அவங்கதான் மறுநாள் திறக்கும்போது இருப்பாங்க. முழுங்குற வாய் இல்ல அது. ராத்திரிக்குச் சாத்தி வைக்கிற கதவு. இவன் கதவுக்கு வெளிய நின்னுட்டான். இன்னைக்கும் இவன் இல்லாம மூடிடுச்சுன்னா? பாதி கரைஞ்சாச்சு. இன்னொரு மழையைத் தாங்க மாட்டான்.

குதிச்சான். ஜனங்களோட காலுக்கு நடுவுல ஓடினான். யாரோ நிழலுன்னு நினைச்சு மிதிச்சாங்க. எழுந்தான், ஓடினான். துணிக்கிட்ட வந்தான். ஒட்டுக்கிட்ட குனிஞ்சான்.

ஒட்டு தைச்சிருந்துச்சு! தைலம்மைதான் காலையில பிரிஞ்சு தொங்குறதைப் பார்த்துட்டு, பொறுக்காம, பொடிப் பொடித் தையலா இழுத்துத் தைச்சிருக்கா. ஊசி நுழைய இடம் இல்ல. அப்போ பார்த்து நாலு ஓரத்துலேருந்தும் இருட்டு வருது. வட்டம் மூட ஆரம்பிச்சிடுச்சு. வண்டிச் சக்கரம் அளவு...

மசியாண்டி துணியை முட்டினான். தொப், தொப். உள்ள போகல. வாயைத் திறந்தான். சத்தம் வராதுன்னு தெரியும். தெரிஞ்சும் திறந்தான். பயம் வந்தா யாரா இருந்தாலும் வாயைத் திறப்போம் இல்லையா?

அந்தப் பக்கம் தைலம்மை பார்த்தா. துணிக்குக் கீழ, விளக்கு வெளிச்சத்துல, குட்டியா ஒரு நிழல். ஒரு காது மொண்ணை. வாய் திறந்திருக்கு. இத்தனை நாள் பழக்கம், யோசிக்கவே இல்ல அவ. அவ வாய் தானாத் திறந்துச்சு.

“மேஏஏஏஏஏ!”

அடடா, என்ன ஒரு ‘மே’! கொட்டகையே திரும்பிப் பார்த்துச்சு. “அந்தா, ஆடு! வெளிய நிக்குது!”ன்னு பிள்ளைங்க கத்துச்சு. “இருளப்பண்ணே! நிறுத்துங்க!”

“நிறுத்துனா எரிஞ்சு போயிடும்டா!”ன்னு இருளப்பன் கத்தினார். “வேணும்னா மெதுவாச் சுத்துறேன். சீக்கிரம் ஆகட்டும் தைலம்மை!”

கர்... கர்... கர்... வட்டம் மெதுவா வருது. தாம்பாளம் அளவு... தைலம்மை முக்காலியைத் தள்ளிட்டு மண்டி போட்டா. கத்தரிக்கோல் தேட நேரம் ஏது? தான் போட்ட தையலைத் தானே பல்லால கடிச்சா. நறுக். வரல. தோசை அளவு... இன்னொரு கடி. நறுக். நூல் லேசா இளகுச்சு. அடை அளவு... மெஷினுக்கிட்டேருந்து லேசாப் புகை நாத்தம். “சீக்கிரம்!” வடை அளவு... மூணாவது கடி. நறுக்! பர்ர்ர்னு பிரிஞ்சுது. “வாடா என் ராசா!”ன்னா தைலம்மை.

சொய்ங்! மசியாண்டி உள்ள. ரோட்டுல ஓடினான், கடைசி வெளிச்சத்துக்குள்ள எட்டி மூஞ்சியை நீட்டினான்.

அப்பாடா!

கொட்டகை முழுக்க ஒரே மூச்சா ‘அப்பாடா’ன்னுச்சு. இருளப்பன் துண்டால முகத்தைத் துடைச்சார். அழுத பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கிட்டே சிரிச்சுது. தைலம்மைக்குக் கண்ணுல தண்ணி, பல்லுல நூல். மசியாண்டி அன்னைக்குக் கண்ணை அடிக்கல. தன் குரல் யார்கிட்ட இருந்துச்சுன்னு இப்போ தெரிஞ்சுடுச்சு இல்லையா, தைலம்மை பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டான். அப்புறம் வாயைத் திறந்து பெருசா ஒரு கொட்டாவி விட்டான். தைலம்மை அதுக்கும் சத்தம் கொடுத்தா, ஆஆவ்வ்னு. அவளுக்கும் தூக்கம்தானே.

டப்.

“...ம். நாளைக்கு... இருந்தானா?”

மறுநாள் வட்டம் திறந்துச்சா, நட்டநடுவுல ஒன்றரைக் காதோட நின்னுக்கிட்டு இருந்தான். கொஞ்சம் மங்கல், ஆனா சேட்டை குறையல. மொத வேலையா போலீஸ்காரர் மீசை.

“அம்மா...”

உங்கம்மாவும் அப்படித்தான். நீ வட்டத்தை மூடு. காலையில திறக்கும்போது மொத ஆளா அவதான் தெரிவா. நான் சொல்றேன்ல? தாம்பாளம் அளவு... தோசை அளவு... அடை அளவு... வடை...

தேனு?

தேனு, ‘ம்’ எங்கடி?

டப். வட்டம் மூடியாச்சு, ஆடு உள்ள போயாச்சு, தூங்குடா கண்ணு.

...அண்ணி, வந்துட்டீங்களா? செருப்பை மெதுவா விடுங்க, இப்போதான் மூடினா. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். சாப்பிட்டுட்டு இந்தப் பக்கம் நீங்க படுங்க. திறக்கும்போது நீங்கதான் நிக்கணும்.